தீவில் முளைத்த மொச்சை

இங்கிலாந்துக்குப் போய் வந்தவர்கள் அரண்மனை பார்த்தேன், பெரிய கடிகாரம் பார்த்தேன் என்று ஆறு மாதம் சொல்லிக்கொண்டு திரிவார்கள். நான் போனது செடி பிடுங்க. விமான நிலையத்தில் வந்த காரணம் கேட்டார்கள். 'தொழில் விஷயமாக' என்றேன். பொய்யில்லை. ஆனால் உண்மையை முழுசாகச் சொல்லியிருந்தால் அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் எனக்குச் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட் இருக்கிறது. பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, படிக்கட்டு, கைப்பிடி, மேடை என்று கேட்டதைச் செய்து கொடுப்போம். இங்கிலாந்தின் கிழக்குக் கடலோரத்தில் ஒரு சின்னத் தீவு. அதில் பறவை பார்க்க ஒரு மேடை வேண்டும் என்று ஆர்டர் வந்தது. நான்கு குழாய்க் கால்கள், மேலே பலகைத் தடுப்புப் போட்ட ஒரு கூண்டு, ஏற ஒரு ஏணி. அந்தத் தீவில் குடித்தனம் எதுவும் கிடையாது. கடற்பறவைகள் முட்டையிட வரும் காப்பிடம். தரை தட்டையாக, கடலுக்குச் சமமாகக் கிடப்பதால் பெருங்காற்று அடித்தால் தண்ணீர் மேலே ஏறிவிடும். அதனால்தான் துருப்பிடிக்காத கால் கேட்டார்கள்.

மேடை போய்ச் சேர்ந்தது. பறவைகள் வருவதற்கு முன்பே நட்டுவிட்டார்கள். பாராட்டி ஒரு கடிதம் வந்தது. லேமினேட் செய்து ஆபீஸில் மாட்டினேன். சுவரில் ஆணி நிலைப்பதற்குள் அடுத்த கடிதம் வந்துவிட்டது, படத்தோடு. எங்கள் மேடையின் ஒரு காலடியில், கூழாங்கற்களுக்கு நடுவே, பச்சைப் பசேலென்று கொத்துக் கொத்தாக முளைகள். 'இவை இந்தத் தீவில் இதுவரை இல்லாத தாவரங்கள். எட்டு வகை தெரிகிறது. உங்கள் குழாயின் அடியில் உள்ள தண்ணீர் வடியும் துளை வழியாக விதைகள் விழுந்திருக்க வேண்டும். விளக்கம் தேவை.'

எட்டு இல்லை ஐயா, ஒன்பது. படத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. "ஏழுமலை!" என்று ஷெட்டே அதிரக் கத்தினேன்.

ஏழுமலை என் ஃபோர்மேன். அனகாபுத்தூர்க்காரர், அடையாற்றங்கரையில் வீடு. வெல்டிங்கில் அவர் கை பட்டால் தையல் போட்ட மாதிரி இருக்கும். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இன்னா சார்?"

"மேடைக் காலுக்குள்ள என்னய்யா போட்டே?"

"நான் இன்னா போட்டேன்? ஒண்ணியும் போடலியே."

படத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அட, மொளச்சிக்கிச்சு சார்! நல்ல சகுனம் சார்!"

"நவதானியமா?"

"ஆமா சார். டிராயிங்ல வடக்கு எந்தப் பக்கம்னு அம்பு போட்ருந்தாங்கல்ல, அத்த வெச்சு ஈசானிய மூலைக் கால் எதுன்னு பாத்து, ஒரு புடி போட்டு மூடினேன். தண்ணில நிக்கப் போற சாமான் சார் அது. ஆத்துல தண்ணி வந்தா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும். எங்க வூட்டுல ரெண்டு தபா கட்டிலு வரிக்கும் ஏறிக் கீது. மொட்டக் காலோட அத்தத் தனியா அனுப்ப மனசு வரல."

திட்ட வாயெடுத்தவன் திட்டாமல் உள்ளே போய்விட்டேன். அஸ்திவாரம் போட்டால், மெஷின் இறக்கினால் நவதானியம் போடாதவர் எங்கள் பேட்டையில் யார்? நானே என் லேத்துக்கு அடியில் போட்டிருக்கிறேன். என்ன, அது கான்கிரீட்டுக்குள் சமர்த்தாகக் கிடக்கிறது.

மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டேன். மன்னிப்பு போதாதாம். என்னென்ன விதை, ஒவ்வொன்றிலும் எத்தனை உள்ளே போயிற்று, அதில் எத்தனை வெளியே எடுத்தாயிற்று என்று கணக்கு நேராக வேண்டுமாம். வியாழக்கிழமை ஒரு குழு தீவுக்கு வரும். கணக்கு இடித்தால் மேடையைச் சுற்றிப் பத்து மீட்டர் வட்டத்துக்குக் களைக்கொல்லி அடித்துவிட்டு மேடையைக் கழற்றிவிடுவார்கள். கடைசியில் ஒரு வரி: 'அந்த வட்டத்துக்குள் ஒரு ஜோடி ஆலாக் கடற்பறவைகள் அடைகாத்துக்கொண்டிருக்கின்றன.'

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கடைசி வரியை நான் அப்போது சரியாகப் படிக்கவே இல்லை. 'மேடை கழற்றப்படும்' என்பதிலேயே கண் நின்றுவிட்டது. இதே போல ஆறு மேடை வேறு தீவுகளுக்குச் செய்வதாகப் பேச்சில் இருந்தது. பதினான்கு பேருக்கு ஒரு வருஷ வேலை. கடிதம் எழுதி எந்தக் காரியம் நம் ஊரில் நடந்திருக்கிறது? ஆள் நேரில் போய் முகத்தைக் காட்டி நிற்க வேண்டும். கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை அந்தக் கடலோர ஊருக்குப் போகிற ரயிலை ரத்து செய்துவிட்டார்கள். ஓட்டுநர் வரவில்லையாம். ஒலிபெருக்கியில் மூன்று முறை வருத்தம் தெரிவித்தார்கள். நின்றிருந்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. பெருமூச்சு விட்டுவிட்டு வரிசையாகப் பேருந்துக்குப் போய் நின்றார்கள். தாம்பரம் ஸ்டேஷனில் இப்படி ஓர் அறிவிப்பு வந்திருந்தால் ஒலிபெருக்கி அடுத்த நாள் இருந்திருக்காது. எனக்கோ சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் வயிற்றெரிச்சல் இரட்டிப்பாகிவிட்டது.

படகுத்துறையில் ஹெலன் காத்திருந்தார். அறுபதைத் தாண்டிய பெண்மணி, என்னைவிட அரையடி உயரம். தீவின் வார்டன். பறவைகள் இருக்கிற ஐந்து மாதமும் தன்னந்தனியாக அங்கே ஒரு மரக் குடிலில் இருந்து காவல் காக்கிறார். நம் ஊரில் வார்டன் என்றால் ஹாஸ்டல் ஞாபகம்தான் வரும். இந்த அம்மாள் அதற்குக் கொஞ்சமும் குறைந்தவரில்லை. கை கொடுத்தார், அடுத்த வாக்கியமே, "பையைத் திறங்கள்" என்றார்.

துறையில் அதற்கென்றே ஓர் அறை. மேஜை மேல் வெள்ளைத் துணி. தீவுக்குள் ஒரு விதை, ஓர் எறும்பு, ஓர் எலி நுழையக் கூடாது என்பதற்காக வருகிற எல்லோரையும் இப்படித்தான் உதறிப் பார்ப்பார்களாம். என் மனைவி வசந்தி கட்டிக் கொடுத்த பை துணி மேல் கவிழ்ந்தது. புளியோதரை. அதில் கடுகு, வேர்க்கடலை, எள். எள்ளுருண்டை ஒரு டப்பா. ஓமம் போட்ட முறுக்கு. சீரகம் மிதக்கும் ஏதோ ஒரு லேகியம். "ஏங்க, அங்க ஒண்ணும் கிடைக்காதாம்" என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்து செய்திருந்தாள் பாவம். தானியம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்க வந்தவன் பையில் அரை மளிகைக் கடை இருந்தது.

ஹெலன் ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போட்டுப் பெயர் எழுதிப் பெட்டியில் பூட்டினார். பிறகு ஒரு சின்ன பிரஷ்ஷை எடுத்து என் செருப்பின் அடியைத் தேய்த்தார். பேன்ட் பாக்கெட்டை வெளியே இழுக்கச் சொன்னார். மூலையிலிருந்து ஐந்தாறு சோம்பு உருண்டு விழுந்தது. என்றைக்கோ கேம்ப் ரோடு ஹோட்டலில் பில்லோடு வந்த சோம்பு. மானம் போயிற்று. கடைசியில் தேறியது ஒரு கட்டு அப்பளம் மட்டும்தான். அதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

படகு பாதி தூரம் போய்ச் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. ரயில் தாமதமானதால் கடல் எங்களுக்காகக் காத்திருக்காமல் இறங்கிவிட்டதாம். படகுக்காரர் பதறவில்லை. பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டு செய்தித்தாளை விரித்தார். "எப்போ கிளம்பும்?" என்று கேட்டேன். "தண்ணீர் வந்ததும்" என்றார். நம் பக்கத்தில் ஒரு ஆட்டோ பள்ளத்தில் இறங்கினால் போதும், இருபது பேர் கூடி, பத்துப் பேர் தள்ளி, பத்துப் பேர் யோசனை சொல்வார்கள். இங்கே கண்ணுக்கு எட்டிய வரை சேறு, ஒரு மனிதத் தலை இல்லை. மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் பெரியவனான பிறகு சும்மா உட்கார்ந்த மூன்று மணி நேரம் அதுதான் என்று நினைக்கிறேன்.

தீவைப் பார்த்ததும், 'இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்' என்றுதான் தோன்றியது. எங்கள் சேலையூர் காலனியின் நான்கு தெருக்களை வைத்தால் ஐந்தாவது தெருவுக்கு இடமில்லை. உயரமான இடம் என் இடுப்பளவு. புல், கூழாங்கல், கிளிஞ்சல். மரமே இல்லை. நட்ட நடுவில் பளபளவென்று எங்கள் மேடை மட்டும் நின்றது. பெற்ற பிள்ளையை வெளியூர் ஹாஸ்டலில் பார்த்த மாதிரி இருந்தது.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஏரியிலும் தீவு உண்டு. ஏரியைத் தூர் வாரிய மண்ணைக் குவித்து, பறவைகளுக்கென்று செய்தார்கள். திறப்பு விழாவுக்குப் பந்தல், பேனர், மைக் செட். வெடிச் சத்தத்தில் இருந்த நாலு கொக்கும் பறந்துவிட்டது. பிறகு கரையில் நடைபாதை வந்தது, கொக்கு பொம்மை ஒன்று சிமென்ட்டில் வந்தது, அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்கிறவர்களுக்காக பஜ்ஜிக் கடை வந்தது. 'குப்பை கொட்டாதீர்' என்ற பலகையும் வந்தது. எங்கே கொட்டுவது என்று தெரியாமல் இருந்தவர்களுக்கு அடையாளமாகப் போயிற்று. இங்கேயோ உள்ளங்கை அகலத்துக்கு ஒரே ஒரு பலகை: 'தயவுசெய்து கயிற்றைத் தாண்டாதீர்கள்.' கயிறு முழங்கால் உயரம்தான். அதை எந்த மனிதனும் தாண்டியதில்லையாம். எனக்கு அந்தக் கயிற்றைப் பார்க்கப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

அன்று சாயங்காலச் சாப்பாடு ரொட்டி மேல் ஊற்றிய டின் பீன்ஸ். இனிப்பாக இருந்தது. குழம்பில் சர்க்கரை போட்டவனை என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே விழுங்கினேன். தாங்காமல் அடுப்புத் தீயில் நாலு அப்பளம் சுட்டேன். ஹெலன் ஒன்றை எடுத்துக் கடித்தார். சத்தத்தைக் கேட்டு அவரே திடுக்கிட்டார். பிறகு இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை வேலை தொடங்கியது. அப்போதுதான் அந்தக் கடைசி வரியின் அர்த்தம் எனக்குத் தெரிந்தது. தூரத்திலிருந்து பறவை பார்க்கத்தான் மேடை கட்டினார்கள். ஓர் ஆலா ஜோடி மெனக்கெட்டு அந்த மேடைக்கே வந்து, காலிலிருந்து ஏழெட்டு அடியில் முட்டையிட்டிருந்தது. கூடும் கிடையாது, ஒன்றும் கிடையாது. கல்லுக்கு நடுவே வயிற்றால் தேய்த்த ஒரு சின்னக் குழி, அதில் கல் மாதிரியே இரண்டு முட்டை. நான் மிதித்திருப்பேன், ஹெலன் காலரைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால்.

"இருபது நிமிஷம் வேலை. பிறகு ஒரு மணி நேரம் விலகிவிட வேண்டும்" என்றார். "இருபது நிமிஷத்துக்கு மேல் தாய் முட்டையை விட்டு விலகியிருந்தால் முட்டை ஆறிவிடும். இன்னும் சில நாளில் பொரிய வேண்டியவை."

இருபது நிமிஷமும் அந்தத் தாய்ப் பறவை என் தலைக்கு மேலேயே சுற்றிக் கத்தியது. கைக்குள் அடங்குகிற உருவம். எங்கிருந்துதான் அத்தனை கோபமோ! இரண்டு முறை குறி பார்த்து என் வழுக்கை மேல் எச்சம் போட்டது. "வாழ்த்துகள், உங்களை எதிரியாக ஏற்றுக்கொண்டுவிட்டது" என்றார் ஹெலன். எங்கள் பேட்டையில் எனக்கு எதிரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இவ்வளவு நேர்மையாக ஒருவரும் நேரே வந்து மோதியதில்லை.

முளைகளைப் பிடுங்கினோம். சுற்றியிருந்த மணலைச் சலித்து முளைக்காத விதைகளை எடுத்தோம். குழாயின் மூடியைக் கழற்றி உள்ளே ஒட்டிக்கிடந்ததையும் வழித்தோம். மஞ்சள் குங்கும வாசனை இன்னும் போகவில்லை. ஹெலன் படிவத்தை எடுத்தார். ஒன்பது வரிசை. கொண்டைக்கடலை, துவரை, கொள்ளு என்று நான் சொல்லச் சொல்ல எழுதினார். எள்ளை மட்டும் 'இந்தக் குளிருக்குப் பிழைக்காது' என்று அடித்துவிட்டார். பிறகு பேனாவைத் தூக்கிக்கொண்டு கேட்டார்: "ஒவ்வொன்றும் எத்தனை போட்டார்?"

தீவில் போன் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் எங்கள் மேடையின் உச்சி. சத்தமில்லாமல் ஏறிப் போய் ஏழுமலையைப் பிடித்தேன்.

"எவ்வளவு போட்டே?"

"சொன்னேனே சார், ஒரு புடி."

"ஒரு புடின்னா எத்தனை?"

"புடின்னா புடி சார். அத்த யாரு எண்ணிக்கினு போடுவாங்க?"

ஹெலனிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதே மனிதர், அதே கையால், அதே போல இன்னொரு பிடி எடுக்க முடியுமா?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

திருமுடிவாக்கத்தில் அன்று சாயங்காலம் வேலை நின்றது. அளவு பார்க்கிற சமதளத் தகடு மேல் ஏழுமலை நவதானியத்தை ஒரு பிடி அள்ளிப் போட்டார். பதினான்கு பேரும் சுற்றி நின்று எண்ணினார்கள். லேத் ஆள் சொன்ன கணக்கும் வெல்டர் சொன்ன கணக்கும் ஒத்துப்போகவில்லை, சண்டை வந்தது, மறுபடி எண்ணினார்கள். ஹெலன் மூன்று பிடி கேட்டார். மூன்றிலும் எது அதிகமோ அதை எழுதிக்கொண்டார். மொச்சை முதல் பிடியில் ஐந்து, இரண்டாவதில் ஏழு, மூன்றாவதில் ஆறு. 'ஏழு' என்று எழுதினார்.

கணக்குப் பார்த்தோம். மற்றதெல்லாம் எழுதியதைவிடக் கூடுதலாகவே கிடைத்திருந்தது. மேடை செய்த அன்று ஏழுமலையின் கை தாராளமாக இருந்திருக்கிறது. மொச்சை மட்டும் ஆறுதான் இருந்தது. ஒன்று உதைத்தது.

"அதுதான் ஆறுன்னு ஒரு பிடியில வந்ததே" என்றேன். "ஆறுன்னே போட்டுடுங்க."

"ஏழாகவும் இருந்திருக்கலாம்" என்றார் ஹெலன்.

புதன்கிழமை முழுவதும் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒரு மொச்சையைத் தேடினோம். இருபது நிமிஷம் மண்டியிட்டுத் தேடுவது, ஒரு மணி நேரம் குடிலில் உட்கார்ந்து வெறும் டீ குடிப்பது, மறுபடி தேடுவது. கூழாங்கல் குத்தி முழங்கால் இரண்டும் கன்றிப்போயிற்று. 'இந்த ஊரில் வேறு வேலையே இல்லையா' என்று தமிழில் சத்தமாகவே திட்டினேன். யாருக்குப் புரியப் போகிறது! ஹெலன், "கடைசியில் சொன்ன வார்த்தை பலமாக இருந்தது" என்றார்.

சாயங்காலம் மேடை மேலிருந்து தொலைநோக்கியில் ஹெலன் அந்த முட்டைக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். தாய்ப் பறவை முட்டை மேல் உட்கார்ந்திருந்தது. அதன் வாலுக்குப் பக்கத்தில், குழியின் விளிம்பில், இரண்டு இலை. மொச்சைதான். கல் என்று நினைத்துப் பறவையே இழுத்து வந்ததோ என்னவோ. பிடுங்க வேண்டுமானால் முட்டை மேல் கை போகும். பொரிகிற நேரத்தில் கை போனால் பறவை திரும்ப வராமலே போய்விடும். பிடுங்காவிட்டால் நாளைக்கு மருந்தடிப்பு. மருந்து பட்ட கல் மேல் குஞ்சு எப்படிப் பிழைக்கும்?

"ஹெலன், எங்க ஆள் போட்டது ஆறுதான்" என்றேன். "அவருக்கு இப்போ நல்லா ஞாபகம் வந்துடுச்சாம்."

"நீங்கள் பார்த்தீர்களே."

"எனக்குக் கண்ணாடி பவர் மாத்தணும். நான் ஒண்ணும் பார்க்கல."

"நான் பார்த்துவிட்டேனே" என்றார் ஹெலன்.

கோபம் கோபமாக வந்தது. ஒரு பொய். ஒரே ஒரு சின்னப் பொய். பறவைக்கும் நல்லது, மேடைக்கும் நல்லது. 'சரக்கு நாளைக்கு லோடு ஆகிடும்' என்று தினமும் போனில் சொல்கிறவன் நான். எனக்கு இதெல்லாம் ஒரு பொய்யா? ஆனால் அந்த அம்மாள் முகத்தைப் பார்த்தால் அதற்கு மேல் பேச முடியவில்லை. போன வருஷம் ஒரே ஒரு பெருங்காற்றில் கடல் ஏறித் தீவிலிருந்த எல்லா முட்டையையும் அடித்துக்கொண்டு போய்விட்டதாம். ஐந்து மாதக் காவலில் ஒரு குஞ்சு மிஞ்சவில்லை. அந்த முட்டைகளை என்னைவிடப் பத்து மடங்கு விரும்புகிறவர் அவர்தான். அவரே பொய் சொல்ல மாட்டேன் என்கிறார். நான் என்ன செய்ய!

வியாழக்கிழமை குழு வந்தது. மூன்று பேர். தலைவி ஒருவர், கணக்குப் பார்க்கிற ஒல்லி மனிதர் ஒருவர், எதற்கும் தலையாட்டுகிற ஒருவர். ஹெலன் படிவத்தைக் கொடுத்தார். 'மொச்சை: உள்ளே ஏழு. வெளியே ஆறு. ஏழாவது இருக்கும் இடம் தெரியும். எடுக்கவில்லை. மேலே பறவை உட்கார்ந்திருக்கிறது.' ஒல்லி மனிதர் இரண்டு தடவை படித்தார். எல்லோரும் மேடை ஏறிப் பார்க்க வேண்டும் என்றார். நான்கு பேருக்கென்று கணக்குப் போட்டுச் செய்த மேடையில் ஐந்து பேர் ஒட்டி நின்றோம். கால் ஒரு நூல் அசையவில்லை. அந்த இக்கட்டிலும் எனக்கு அதில் ஒரு பெருமை.

தலைவி ஒவ்வொருவராகப் பார்க்கவிட்டு, என் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தார். "இந்தச் செடி எத்தனை நாளில் பூத்துக் காய்க்கும்? குஞ்சுகள் எழுந்து போக மூன்று வாரம் ஆகும். அதற்குள் காய்த்து விதை சிதறாது என்றால் காத்திருக்கலாம்."

மொச்சையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கத்தரிக்காயோடு சேர்த்தால் குழம்பு ருசிக்கும் என்பதுதான். 'ஆறு மாசம் ஆகும்' என்று அடித்துவிட நாக்கு துடித்தது. பக்கத்தில் ஹெலன் நின்றிருந்தார். போனை எடுத்தேன்.

"ஏழுமலை, மொச்சை எப்போ காய்க்கும்?"

பின்னால் கிரைண்டர் அலறியது. நான் போனின் சத்தத்தைக் குறைக்கக் குறைக்க அவர் இன்னும் பலமாகக் கத்தினார். கீழே பறவை தலையைத் தூக்கியது. ஐந்து பேரும் மூச்சைப் பிடித்தோம்.

"மொச்சயா? அதுக்கு இன்னா சார் இப்போ அவசரம்? எப்போ போட்டாலும் பனி வந்தாத்தான் பூ வெக்கும். வேலில வருசா வருசம் எங்க வூட்டுல போடுறோம். பொங்கலுக்குத்தான் காய். அதுக்கு முன்னாடி நீ தலகீழா நின்னாலும் ஒரு காய் வராது."

மொழிபெயர்த்தேன். பொங்கல் என்றால் ஜனவரி நடுவில் என்றேன். ஒல்லி மனிதர், "இந்தத் தகவலைத் தருகிறவருக்கு என்ன தகுதி?" என்றார்.

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "அவர் வீட்டு வேலியில் வருஷா வருஷம் காய்க்கிறது. அதுதான் தகுதி. நீங்கள் நிற்கிறீர்களே, இந்தக் காலை வைத்ததும் அவர்தான்" என்றேன். கிசுகிசுப்பாகக் கோபப்படுவது எத்தனை கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஆனால் எதற்காக அவர் விதையைப் போட்டார்?" என்று கேட்டார் தலைவி.

ஆற்றுத் தண்ணீர் கட்டில் வரை ஏறிய வீட்டைப் பற்றிச் சொன்னேன். தண்ணீரில் நிற்கப் போகிற பொருளை மொட்டையாக அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை என்று சொன்னேன்.  

"இந்த வருஷம் தண்ணீர் இன்னும் மேலே ஏறவில்லை" என்றார் ஹெலன். ஒல்லி மனிதர் இருமினார்.

படிவத்தில் தலைவி எழுதினார்: 'ஏழாவது மொச்சை, குஞ்சுகள் வெளியேறியதும் அகற்றப்படும். மருந்து வேண்டாம். மேடை இருக்கட்டும்.' பொய் சொல்ல முழுத் தயாராக வந்தவன் நான். உண்மையே போதுமானதாக இருந்துவிட்டது. என் இத்தனை வருஷத் தொழிலில் இப்படி நடந்ததே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோருக்கும் அப்பளம் சுட்டுக் கொடுத்தேன்.

நான் ஊர் திரும்பிய நான்காம் நாள் ஹெலனிடமிருந்து படம் வந்தது. பஞ்சு உருண்டை மாதிரி இரண்டு குஞ்சு. ஷெட்டில் மிஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் பார்த்தார்கள். ஏழுமலை போனை வாங்கிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு மாதம் கழித்துப் பிடுங்கிய மொச்சைச் செடியின் படமும் வந்தது. பூ இல்லை, காய் இல்லை.

அடுத்து ஆறு மேடைக்கு ஆர்டர் உறுதியானது. கூடவே ஓர் உறுதிமொழிப் படிவம். 'குழாய்களுக்குள் முளைக்கக்கூடிய விதை எதுவும் இல்லை' என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு படிவத்துக்கும் ஹெலன் சரி என்று சொன்ன பிறகுதான் சரக்கு கப்பல் ஏறும். ஏழுமலையைக் கூப்பிட்டு, "இனிமே ஒரு கடுகு உள்ளே போகக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர் திரும்பி வேலைக்குப் போய்விட்டார். அன்றைக்கு முழுக்க மற்ற வேலையெல்லாம் பார்த்தார். ஈசானிய மூலைக் கால்களை மட்டும் மூடவில்லை. மறுநாளும் மூடவில்லை. மூன்றாம் நாள் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்துப் பிரித்தார். நவதானியம். கருஞ்சிவப்பாக வறுபட்டிருந்தது.

"இது மொளைக்காது சார்."

"வறுத்துப் போட்டா சாமி கோவிச்சுக்காதாய்யா?"

"சாமிக்குச் சுண்டலு பச்சையாவா சார் வெக்கிறோம்?"

 மறைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். எத்தனையோ போட்டிருக்கிறேன். அந்த அம்மாள் முகம் வந்து எதிரே நின்றது. நடந்ததை அப்படியே ஹெலனுக்கு எழுதி, ஆறு கால்களுக்குள் வறுத்த தானியம் தலா ஒரு பிடி போடலாமா என்று கேட்டேன். அரை மணியில் பதில் வந்தது. 'எத்தனை டிகிரி சூட்டில், எத்தனை நிமிஷம் வறுத்தார்?'

ஏழுமலையிடம் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாசன வர்ற வரிக்கும் சார்."

அதையே இங்கிலீஷில் தட்டி அனுப்பினேன். ஒரு மணி நேரம் பதில் இல்லை. ஏழுமலை வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மேஜைக்கு எதிரிலேயே நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பிறகு போன் சத்தம் கொடுத்தது.

'அது போதும். மூடிவிடுங்கள்.'